அன்னாசி சாப்பிடாத பெரியசாமி

கவிதா என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். ஜோகூர் பாருவில் நான் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவு புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்கள். ஒவ்வொரு மருத்துவப் பிரிவும் தன் வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கவிதா இப்போது சிறுநீரகப் பிரிவின் பொறுப்பு சிஸ்டர். நான் ஓய்வு பெற்று, அக்கம்பக்கத்தாருக்கு ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லி அவர்கள் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருப்பவன்.

“அண்ணே, நம்ம யூனிட் கதை உங்களுக்குத்தான் முழுசாத் தெரியும். ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. இதயப் பிரிவு நாலு பக்கம் குடுத்துட்டாங்க” என்றார் போனில்.

“அவங்க நாலோட நிறுத்துனதே பெரிய விஷயம்மா. எனக்கு ஒரு பக்கம் பத்தாது.”

“அலமாக்! சரிண்ணே, நீங்க எழுதுங்க. நான் வெட்டிக்கிறேன் லா.”

வெட்டட்டும். வெட்டுவதற்கு முன்னால் இருந்தது இதுதான்.

நான் சேர்ந்தபோது சிறுநீரகப் பிரிவு என்று ஒரு பலகைகூடக் கிடையாது. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீள அறை, அதில் சில டயாலிசிஸ் மிஷின்கள். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரம் மூன்று முறை வந்து, அவற்றின் பக்கத்தில் மணிக்கணக்கில் சாய்ந்து கிடப்பார்கள். ரத்தம் ஒரு குழாய் வழியாக மிஷினுக்குப் போய்ச் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குத் திரும்பும். வேறு ஆஸ்பத்திரிகளில் அந்த நேரத்தில் நோயாளிக்குக் குளிரும், கம்பளி கேட்பார். எங்கள் அறையில் பக்கத்துக் கட்டடத்தின் நீராவி புகுந்து எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டும். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிற பெரியவர்கள் எங்கள் அறையில் அதிக நேரம் நின்றதில்லை. அந்த வகையில் நீராவிக்கு நாங்கள் கடமைப்பட்டிருந்தோம்.

அப்போதெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இரண்டே சாதி. மருந்து கொடுக்கிறவர், கத்தி பிடிக்கிறவர். பிறகு பல்கலைக்கழகம் தன் மருத்துவ மாணவர்களை இங்கே அனுப்பத் தொடங்கியது. மாணவர்களோடு பேராசிரியர்கள் வந்தார்கள். பேராசிரியர்கள் வந்ததும், விற்ற எஸ்டேட்டைத் துண்டு போடுவது போல மனித உடம்பைத் துண்டு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். வயிறு ஒருவருக்கு, நுரையீரல் ஒருவருக்கு, நரம்பு ஒருவருக்கு. காது, மூக்கு, தொண்டை மூன்றும் ஒரே ஆளுக்கு என்பதில் அந்தப் பிரிவுக்காரர்களுக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு.

நடையை வைத்தே யார் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். இதயப் பிரிவு டாக்டர்கள் மின்தூக்கிக்குக் காத்திருக்க மாட்டார்கள், படியில் ஓடுவார்கள். எலும்புப் பிரிவில் எப்போதும் சுத்தியல் சத்தம், வழி தெரியாமல் வருகிறவர் இரும்புக்கடை என்று நினைத்துக்கொள்ளலாம். நரம்பு டாக்டர் ஒரு முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த முழங்காலுக்குப் போவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். தோல் பிரிவினர் மட்டும் தினமும் நேரத்தோடு வீட்டுக்குப் போவார்கள். மயக்க மருந்து டாக்டர்களுக்கு ஒரே குறை, எந்த நோயாளிக்கும் அவர்கள் முகம் ஞாபகம் இருப்பதில்லை.

சிறுநீரகக்காரர்கள் நாங்கள் யாரிடமும் நல்ல பெயர் வாங்கியதில்லை. இந்த ஜோகூர் வெயிலில் ஒரு மனிதனைப் பார்த்துத் தண்ணீர் குடிக்காதே என்று சொல்கிறவனை யாருக்குப் பிடிக்கும்?

என்னைப் பற்றியும் கொஞ்சம். லாபிஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். எங்கள் எஸ்டேட்டில் மருந்து கட்டுகிற டிரெசர் ஒருவர் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு அழுக்குப்படாமல் வாழ்ந்துவந்தார். அந்தக் கால்சட்டைக்கு ஆசைப்பட்டுத்தான் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு மனுப் போட்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலாயில் படித்தேன், ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினேன், தமிழில் பயந்தேன். பாஸ் பண்ணியதும் என்னைச் சிறுநீரகப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே வெள்ளைக் கால்சட்டை ஒரு நாள்கூட வெள்ளையாக இருந்ததில்லை.

அங்கே பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் ஆக்னஸ். குள்ளமான உருவம். ஞாயிறு தேவாலயத்தில் பாடகர் குழுவில் பாடுகிற இனிமையான குரல். அந்தக் குரலில் அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நோயாளி ஏதாவது சாக்குச் சொன்னால் தலையைச் சற்றுச் சாய்த்து, “ஓ, அப்படியா?” என்பார். அவ்வளவுதான். கேட்டவருக்கு அன்றைக்கு முழுவதும் சோறு இறங்காது. எனக்கும் அந்த ‘அப்படியா’ பல முறை கிடைத்திருக்கிறது.

எங்கள் பிரிவின் வாசலிலேயே எடை மிஷின் இருக்கும். சிறுநீர் போகாதவர்களுக்குக் குடித்த தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும், மூச்சு முட்டும், இதயம் திணறும். எனவே போன முறை டயாலிசிஸ் முடிந்து கிளம்பியபோது இருந்த எடை, இன்று வந்த எடை இரண்டையும் பார்த்தால் இடையில் எவ்வளவு குடித்தார் என்று தெரிந்துவிடும். சிஸ்டர் ஆக்னஸ் அந்த மிஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நோயாளிகள் ஒவ்வொருவராக ஏறுவார்கள். ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றுவார்கள், கைக்கடிகாரத்தைக் கழற்றுவார்கள், சாவிக்கொத்தை வெளியே எடுப்பார்கள். ஒருவர் பொய்ப்பல்லைக்கூடக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறினார். பல் கையில் இருந்தாலும் எடை ஒன்றுதான் என்பதை சிஸ்டர் அவருக்கு மென்மையாக எடுத்துச் சொன்னார்.

இந்த வித்தைகளில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் பெரியசாமி. பெக்கான் நானாஸ்காரர். விவரம் தெரிந்த நாளிலிருந்து அன்னாசித் தோட்டத்தில் வேலை. முள் குத்திக் குத்திக் கை மரத்துப்போனதால், ஊசி போடும்போது மற்றவர்கள் முகத்தைச் சுளிக்க, அவர் மட்டும் என்னிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். பழைய எஸ்டேட் வழக்கப்படி நர்ஸ் எல்லோரும் அவருக்கு ‘மிஸ்ஸி’தான். சிஸ்டர் என்று கூப்பிடச் சொல்லி ஆக்னஸ் அலுத்துப் போய்விட்டார்.

“எடை ஏறியிருக்கே பெரியசாமி?”

“வர்ற வழியில மழை மிஸ்ஸி. சட்டையெல்லாம் நனைஞ்சு கனத்துப் போச்சு.”

“சட்டை காஞ்சிருக்கு.”

“பஸ்ஸுல காத்து அடிச்சுச்சு, மிஸ்ஸி.”

“ஓ, அப்படியா?”

பொய் சொல்லும்போது அவர் விட்டத்தைப் பார்ப்பார். அங்கே மின்விசிறி சுற்றுகிறதா என்று சரிபார்ப்பது போல ஒரு பார்வை. இது சிஸ்டர் உள்பட எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

டயாலிசிஸ் நோயாளிக்குப் பழங்களிலும் கட்டுப்பாடு உண்டு. பழத்தில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் தாளம் தப்பும். நியாயமாகப் பார்த்தால் அன்னாசியில் ஒரு சின்னத் துண்டு சாப்பிடுவதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் பெரியசாமியின் அகராதியில் ஒரு துண்டு என்றால் கொண்டையை மட்டும் வெட்டியெறிந்த முழுப் பழம். ஒரு முறை அப்படிச் சாப்பிட்டுவிட்டு வந்து, இதயப் பிரிவு டாக்டர்களைப் படியில் ஓட வைத்தார். பிழைத்து எழுந்ததும் சிஸ்டர் அவர் படுக்கைக்கே போய், “இனிமே அன்னாசி கூடாது. ஒரு துண்டுகூட. வாசனைகூட” என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி அஞ்சலை பக்கத்தில் நின்று பயபக்தியோடு தலையாட்டினார். அதற்குப் பிறகும் பெரியசாமியின் சட்டையில் எப்போதாவது அன்னாசி வாடை வீசும். கேட்டால் விட்டத்தைப் பார்த்தபடி, “பக்கத்துல பழ லோரி போச்சு மிஸ்ஸி” என்பார்.

இந்தப் பெரியசாமிதான் ஒரு நாள் காலையில் விக்கிக்கொண்டே வந்து எடை மிஷினில் ஏறினார்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். அவர் விக்கும்போதெல்லாம் மிஷின் முள் ஆடியது. பக்கத்து நாற்காலிக்காரர், “யாரோ நெனைக்கிறாங்க அண்ணே, அதுவும் பலமா நெனைக்கிறாங்க” என்றார். ஒரு நர்ஸ் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். நான் பின்னால் போய் ‘பே’ என்று கத்தி அவரைப் பயமுறுத்தப் பார்த்தேன். பயந்தது அடுத்த நாற்காலிப் பெண்மணி. டயாலிசிஸ் முடியும்போது விக்கல் குறைந்திருந்தது. “பாத்தியா தம்பி, உன் சத்தத்துக்குப் பயந்து போயிருச்சு” என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

மறுநாளே திரும்பி வந்தார். இரவு முழுக்கத் தூங்கவில்லை, சாப்பிட முடியவில்லை, பேச ஆரம்பித்தால் பாதி வார்த்தை விக்கலோடு போய்விடுகிறது. வார்டில் சேர்த்தார்கள். பேராசிரியர்கள் நிறைந்த ஆஸ்பத்திரியில் ஒரு மனிதன் காரணம் தெரியாமல் விக்கினால் என்ன நடக்கும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

வயிற்று டாக்டர் வந்தார், குழாய் விட்டுப் பார்த்தார், வயிறு சுத்தம் என்றார். காது மூக்கு தொண்டை டாக்டர் மூன்றையும் பார்த்தார், மூன்றும் சுத்தம். நெஞ்சுப் படம் எடுத்தார்கள், அதுவும் சுத்தம். இதயப் பிரிவினர் வேகமாக வந்து, தங்களுடையது இல்லை என்று தெரிந்ததும் அதைவிட வேகமாகப் போனார்கள். நரம்பு டாக்டர் முழங்காலைத் தட்டினார். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு மாணவர் கூட்டம். விக்கல்காரர் என்று பெரியசாமிக்கு ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். சொந்த ஊரில்கூட அவரைச் சுற்றி இத்தனை பேர் நின்றிருக்க மாட்டார்கள்.

“பேராசிரியருங்களுக்கே… விக்… பாடம் நடத்துறேன் தம்பி” என்றார் என்னிடம். சிரிக்க முயன்றார். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் லிம். நெட்டையானவர், பேச்சுக் குறைவு. கட்டிலின் கால்மாட்டில் நின்று பேனா மூடியைக் கடித்தபடி நோயாளியையே வெகுநேரம் பார்ப்பார். நோயாளிகளுக்கு அது பழகும்வரை கொஞ்சம் கலவரமாக இருக்கும். எங்களிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார், நான் இங்கே தமிழில் தருகிறேன்.

“மிஷினில் போட்டால் விக்கல் குறைகிறது. மறுநாள் ஏறுகிறது. அப்படியென்றால் ரத்தத்தில் ஏதோ சேர்கிறது, மிஷின் அதை எடுக்கிறது, மறுபடி சேர்கிறது” என்றார் சிஸ்டரிடம். “ஏதோ ஒன்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, சிஸ்டர். என்னவென்று கேளுங்கள்.”

சிஸ்டருக்கு அது என்னவென்று கேட்காமலே தெரியும் என்று எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான். கட்டிலருகே போய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

“அன்னாசி சாப்பிட்டீங்களா, பெரியசாமி?”

“இல்ல… விக்… மிஸ்ஸி.”

“ஜூஸு?”

“இல்ல.”

“ஊறுகா? பச்சடி? உண்மையச் சொல்லுங்க.”

“அஞ்சலை மேல… விக்… சத்தியமா இல்ல மிஸ்ஸி. தொடவே இல்ல.”

“ஓ, அப்படியா?”

அலமாரியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஒரு சீப்பு, ஒரு துவாலை, முருகன் படம். அன்னாசி இல்லை. ஆனாலும் சிஸ்டரின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. பெரியசாமி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் பதில் சொன்னபோது ஒரு முறைகூட விட்டத்தைப் பார்க்கவில்லை. சிஸ்டர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அடுத்த நாள் அவர் என்னைச் செத்துப்போன தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெக்கான் நானாஸுக்குப் பஸ் வந்துவிட்டதா என்று கேட்டார். மத்தியானத்துக்குள் கை தூக்க முடியவில்லை, பார்வை எங்கேயோ நிலைகுத்தி நின்றது. விக்கல் மட்டும் நிற்கவில்லை. இனி வலிப்பு வரலாம், வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் லிம் எங்களிடம் சொன்னார். நரம்புப் பிரிவில் மூளைப் படத்துக்கு ஏற்பாடு நடந்தது. அன்றைக்கு எங்கள் பிரிவில் யாரும் சிரிக்கவில்லை. ‘பே’ என்று கத்தியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

வார்டிலிருந்து அஞ்சலை எங்கள் பிரிவுக்கு வந்தார். அழுது ஓய்ந்த முகம். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதை எங்கள் தேநீர் மேசையில் வைத்தார்.

“சாப்பிடுங்க தம்பி. அவருக்குத்தான் வெட்டிக்கிட்டு வந்தேன், இன்னிக்கி வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. வீணாப் போயிரும். நீங்கல்லாம் அவருக்காக எவ்வளவோ பண்றீங்க.”

இல்லாத வீட்டிலும் வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் விடத் தெரியாத பெண்மணி. நானோ கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன். மூடியைத் திறந்தேன். மஞ்சள் மஞ்சளாக நட்சத்திரங்கள். பெலிம்பிங் பழம். குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு துண்டும் நட்சத்திரமாக விழுமே, அது. மேலே புளிப்புப் பொடி தூவியிருந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இரண்டாவதைக் கையில் எடுத்தேன்.

டாக்டர் லிம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். என் கையைப் பார்த்தார்.

“மனோ, அதைக் கீழே வை.”

வேலை நேரத்தில் தின்கிறேன் என்று கோபப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குரல் உயர்ந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. துண்டை டப்பாவில் போட்டேன்.

“இது யாருடையது?”

“பெரியசாமியோடது டாக்டர். அவர் சம்சாரம் கொண்டுவந்தாங்க.”

“அவர் இதைச் சாப்பிட்டாரா? கேள்.”

கேட்டேன். அஞ்சலையின் முகத்தில் அந்த நிலையிலும் ஒரு சின்னப் பெருமை தெரிந்தது.

“தெனமும்தான் தம்பி. அன்னாசி கூடாதுன்னு மிஸ்ஸி சொன்னாங்கல்ல? பழம் இல்லாம அவரால இருக்க முடியாது. இந்த வருசம் பின்னாடி மரம் நல்லா காய்ச்சிருக்கு. வெறும் தண்ணிப் பழம், உடம்புக்குக் குளிர்ச்சி. அன்னாசிய அவரு தொடவே இல்ல. ஆஸ்பத்திரிக்கும் தெனம் இதத்தான் கொண்டாந்து ஊட்டுறேன்.”

மொழிபெயர்த்துச் சொன்னேன். டாக்டர் லிம் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பழத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவன் அளவாகத் தின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, உடம்பு கழித்துவிடும். சிறுநீரகம் போனவருக்கு அது உள்ளேயே தங்கி மூளைக்கு ஏறும். முதல் அறிகுறி விக்கல். பிறகு குழப்பம், பிறகு வலிப்பு, பிறகு முடிவு.

“படித்திருக்கிறேன். பார்த்ததில்லை” என்றார். டப்பாவை மூடிவிட்டு, “கேட்கவும் இல்லை” என்றார்.

சிஸ்டர் ஆக்னஸ் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அஞ்சலைக்கு எங்கள் முகங்களைப் பார்த்தே விஷயம் புரியத் தொடங்கிவிட்டது.

“நானா மிஸ்ஸி குடுத்துட்டேன்? நானா?”

சிஸ்டர் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்க இல்லம்மா. அன்னாசிய நிறுத்துங்கன்னு நான் சொன்னேன். எதச் சாப்பிடலாம்னு சொல்லவே இல்ல. அவர் உண்மையச் சொன்னாரு. நான் நம்பல.”

அதற்கு மேல் பேச நேரமில்லை. ஏறிய நஞ்சை இறக்க ஒரே வழி டயாலிசிஸ், வழக்கத்தைவிட நீளமாக, அடுத்தடுத்த நாட்களிலும். பெரியசாமியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தோம்.

எத்தனையோ முறை செய்த வேலை. அன்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். குழாய்களில் உப்புநீரை ஓடவிட்டுக் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றினேன். டயாலிசிஸ்காரர்களுக்கு முன்கையில் தமனியையும் சிரையையும் ஒன்றாகத் தைத்து வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கடியில் ரத்தம் விறுவிறுவென்று ஓடுவது, உள்ளே ஒரு வண்டு அடைபட்டது போலத் தெரியும். அந்த அதிர்வு இருந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். விரலை வைத்துப் பார்த்தேன், இருந்தது. ஊசி இரண்டையும் ஏற்ற வேண்டும். ஊசிக்கு முகம் சுளிக்காத மனிதர் அன்று கையை உதறினார், புரண்டார். ஊசி விலகினால் ரத்தம் பீய்ச்சிவிடும். நான் இந்தப் பக்கம் பிடித்தேன். சிஸ்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஊசி ஏறிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். மிஷின் ஓடத் தொடங்கியது.

கையை அசைக்காமல் வைத்திருக்கவேண்டும், அதற்கு அவரோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும். சிஸ்டருக்கு அவரிடம் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர்களிடையே இருந்தது ஒரே ஒரு பேச்சுத்தான்.

“அன்னாசி நல்லா பழுத்திருக்கான்னு எப்படிப் பாக்கறது பெரியசாமி? கொண்டையில இலையப் பிடுங்கிப் பாக்கணுமா? தட்டிப் பாக்கணுமா? எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லணும்.”

பதிலுக்கு விக்கல். சிஸ்டர் விடாமல் கேட்டார். கன்று எப்போது நடுவார்கள், முள் குத்தாமல் எப்படி அறுப்பார்கள், எந்த மாதத்துப் பழம் இனிக்கும். கண்ணீர் அவர் கன்னத்தில் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கக் கை இல்லை. நான் துவாலையால் துடைத்துவிட்டேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

விக்கல் மெல்ல மெல்ல இடைவெளி விட்டது. அந்தச் சத்தம் எங்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது, அடுத்தது எப்போது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில் அடுத்தது வரவேயில்லை. சிஸ்டர் சட்டென்று அவர் முன்கையில் விரலை வைத்தார். அதிர்வு இருந்தது. பெரியசாமி குறட்டை விட்டார். அவர் பல நாள் கழித்துத் தூங்குகிறார் என்பது புரிய எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

அடுத்தடுத்த நாட்களில் மறுபடி மறுபடி மிஷினில் போட்டோம். ஒரு காலையில் கண் விழித்து, யார் யார் நிற்கிறோம் என்று பார்த்தார். சிஸ்டரிடம் வந்து பார்வை நின்றது.

“மிஸ்ஸி, நான் அன்னாசி சாப்பிடல.”

“தெரியும்ண்ணே” என்றார் சிஸ்டர். அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இதற்குப் பிறகு சிஸ்டர் ஆக்னஸ் அடியோடு மாறிவிட்டார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். எடை மிஷின் பக்கத்தில் அதே மாதிரிதான் நின்றார், கையையும் கட்டிக்கொண்டார். கேள்வி மட்டும் மாறியது. இதைச் சாப்பிட்டீர்களா அதைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, “நேத்து காலையிலேருந்து என்னென்ன சாப்பிட்டீங்க? மெதுவாச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு நிற்பார். திட்ட மாட்டார், ‘அப்படியா’வும் கிடையாது. நோயாளிகள் முதலில் சந்தேகப்பட்டார்கள், பிறகு உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம்தான் எங்களுக்குக் கஷ்டகாலம். பாசிர் கூடாங்கிலிருந்து வரும் ஓர் அம்மாள் ஆட்டுக்கறிக் குழம்பைத் தாளிப்பதிலிருந்து தொடங்குவார். அவர் இறக்கி வைப்பதற்குள் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிவிடும். எனக்கோ பசி எடுத்துவிடும். இன்று எல்லாப் பிரிவிலும் சாப்பாட்டு விவரத்தை அப்படித்தான் கேட்கிறார்கள். எங்கிருந்து வந்த வழக்கம் என்று மாணவர்களுக்குத் தெரியாது. மலருக்கு வரலாறு வேண்டும் என்றால், எங்கள் பிரிவின் வரலாறு இந்தக் கேள்விதான்.

பெரியசாமி அதற்குப் பிறகும் பல வருஷம் வந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்த பெலிம்பிங் மரத்தை அஞ்சலையே வெட்டிப் போட்டார். அன்னாசி மேல் இருந்த தடையை மட்டும் சிஸ்டர் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. எடை விஷயத்தில் மழை, காற்று எல்லாம் வழக்கம்போல் வந்துபோயின.

சிஸ்டர் ஆக்னஸ் ஓய்வு பெற்ற கடைசி நாள் பெரியசாமியின் டயாலிசிஸ் நாள். அவரை மிஷினில் போட்டுச் சற்று நேரம் ஆனதும், சிஸ்டர் ஒரு டப்பாவோடு வந்தார். திறந்தார். அறை முழுக்க அன்னாசி வாசனை. அடுத்தடுத்த நாற்காலிகளில் எல்லோர் கழுத்தும் திரும்பியது. மிஷின் ஓடும்போது ஒரு சின்னத் துண்டு சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, டாக்டர் லிம்மிடமும் கேட்டுவிட்டார்.

முள்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி அவர் வாயருகே கொண்டுபோனார்.

“இத்தன வருஷம் இந்த ஒரு துண்டக்கூட உங்களுக்குக் குடுக்காமத் தடுத்துட்டேன்ண்ணே. வீட்டுல போய் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பேன். இந்தாங்க.”

பெரியசாமி வாங்கி மென்றார். கண்ணை மூடினார். நிதானமாக, ரொம்ப நிதானமாக மென்றார். முழுங்கினார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

“புளிக்குது மிஸ்ஸி.”

“புளிக்குதா?”

“சுத்தப் புளிப்பு. நாக்கு அரிக்குது. இதுக்கா நான் இவ்வளவு நாள் ஏங்கிக் கெடந்தேன்? நீங்க தடுத்ததே நல்லதாப் போச்சு.”

சிஸ்டர் அவரையே பார்த்தார். “ஓ, அப்படியா?” என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, முக்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பல வருஷமாகத் தூக்கிச் சுமந்த ஒன்றை இறக்கி வைத்தவர்போல இருந்தது முகம். டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் விடைபெறப் போனார். அவருக்குச் சர்க்கரை, பழத்தைத் தொடுவதில்லை.

கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

தேனாக இனித்தது. என் ஆயுளில் அப்படியொரு அன்னாசியைச் சாப்பிட்டதில்லை.

திரும்பிப் பெரியசாமியைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.